எதிர்ச்சாரியில் ஜெசிந்தா

கடை திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

காலை பத்து மணி இருக்கும். தூத்துக்குடியில் அந்த நேரத்து வெயிலுக்கு ஒரு வெள்ளை நிறம் உண்டு. உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வீசினால் அந்த வெள்ளை இன்னும் கூடும். அது கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வந்து தரையில் நீளமாகப் படுத்துக் கிடந்தது. அதை மிதிக்க ஓர் ஆள் வரவில்லை.

குளிர்பெட்டி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டி, கல்லாவின் மேல் வாயடைத்துப்போய் இருந்தது. என் வீட்டுக்காரர் நேற்றைய பேப்பரை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் பருப்பு வரிசையில் நின்று, ஏற்கெனவே துடைத்த தட்டைத் திரும்பவும் துடைத்தேன்.

சாலையின் எதிர்ச்சாரியில், பூவரச மரத்தடியில், பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பன்னிரண்டு பெண்கள். இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டிய துணியில் சிவப்பு எழுத்து: ‘எங்கள் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கும் நாட்டுச் சரக்கை விற்கிற கடையில் வாங்காதீர்.’ காற்றில் துணி படகுப் பாய் மாதிரி உப்பும். அப்போது மற்ற எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு ‘வாங்காதீர்’ மட்டும் தெரியும்.

முன்வரிசையில், இடது ஓரத்தில், ஜெசிந்தா.

இருபது வருஷத்துக்கு மேலாக என்னோடு பேசாமல் ஒரு நாளைக் கடத்தாதவள். அன்றைக்கு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு முகத்தைத் திருப்பி, துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒன்றை, அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வருஷங்களுக்கு முந்திய காலை அது. கண்ணை மூடினால் அந்த லாரி இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கொழும்புச் சாமான் கடை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக இரண்டு வரி. நான் சுயம்புக்கனி. பிறந்தது ஏரல். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடி. முத்தையாபுரம் போகும் டவுன் பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி எங்கள் கடை. கீழே கடை, மேலே வீடு. வீட்டுக்கு ஏற, பக்கவாட்டில் தனியாக ஒரு படிக்கட்டு.

முன்பு பொட்டலம் மடித்துக் கொடுத்த மளிகைக் கடைதான். இப்போது கூடையை எடுத்துக்கொண்டு அவரவரே பொறுக்கிப் போடுகிற கடையாகிவிட்டது. பெயர்ப் பலகையில் வேறு பெயர் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. ஆட்டோக்காரரிடம் ‘கொழும்புச் சாமான் கடை’ என்றால் போதும், கொண்டுவந்து விட்டுவிடுவார்.

கதவைத் திறந்ததும் வலதுபக்கம் ஒரு தட்டு முழுக்கக் கொழும்புச் சரக்கு. இஞ்சி பிஸ்கட், தேயிலை, வாசனைச் சோப்பு, புட்டியில் கித்துள் பாணி என்கிற கூந்தற்பனைப் பாகு. அங்கே பிறந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள், ஒரு காலத்தில் தோணியில் போய்வந்தவர்கள், இவர்கள்தான் தேடி வருவார்கள். ஒரு பெரியவர் தேயிலைப் பாக்கெட்டைப் பிரிக்காமலேயே முகர்ந்து பார்ப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். அவர் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் மாமனார் பிறந்ததே கொழும்பில். அவருடைய அப்பாவுக்கு அங்கே அரிசிக் கடை. அந்தக் காலத்தில் ஒரு தடவை, இந்தியாக்காரன் கடையில் வாங்காதே என்று அங்கேயும் வாசலில் ஆட்கள் நின்றார்களாம். அதைச் சொல்லும்போது மாமனாருக்குக் கோபமே வராது.

“நின்னவம்ல பாதிப் பேரு, மழ வந்தா நம்ம கட இறவாரத்துலதாம் ஒதுங்குவான்” என்று சிரிப்பார்.

பிறகு வந்த ஒரு கலவரத்தில் கடை எரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஒரு சிங்களவர். அவர் மாமனாரையும் குடும்பத்தையும் தன்னுடைய சரக்குக் கிட்டங்கியில், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால், மூன்று நாள் வைத்திருந்து, பத்திரமாகக் கப்பலேற்றினார். என் வீட்டுக்காரர் அப்போது சின்னப் பிள்ளை. இருட்டும் சாக்கு வாடையும் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்பார்.

அந்தச் சிங்களவரின் மகன் குணபால. அவர்தான் எங்கள் கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர். நாங்கள் இங்கிருந்து வெங்காயமும் வத்தலும் அனுப்புவோம். ஞாயிறு காலையில் அவரும் என் வீட்டுக்காரரும் போனில் பேசிக்கொள்வார்கள். அவருக்கு ஒட்டுப்போட்ட தமிழ். இவருக்குப் பத்தே பத்து சிங்கள வார்த்தை. ஆனால் அரைமணி நேரம் பேச்சு ஓடும். பாதி நேரம் சிரிப்புத்தான்.

துணி இல்லாத மிஷின்

நான் ஆற்றுப் பக்கத்துப் பெண். தாமிரபரணி மீனைத் தவிர வேறு மீன் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில், மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

“யக்கா, அத வாங்காதிய. செவுளத் தூக்கிப் பாருங்க, கறுத்துக் கிடக்கு.”

அதுதான் ஜெசிந்தா. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, கடலைப் பார்த்த வரிசையில் வீடு. தையல்காரி. அவளுடைய முன்னோர் முத்துக் குளித்தவர்கள். அதெல்லாம் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் அவள் வீட்டு வாசலில் செடி வைக்கக் குழி தோண்டினால் இன்னும் சிப்பி ஓடு வரும். அன்று முதல் என் ரவிக்கை எல்லாம் அவள் தைத்ததுதான். கழுத்துப் பக்கம் ஒரு சின்ன மடிப்பு வைப்பாள். வேறு யாருக்கும் அது வராது.

அவள் வீட்டுக்காரர் சந்தியாகு. அண்ணனோடு சேர்ந்து ஒரு படகு வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். சர்க்கரை வியாதிக்காரர். கடைக்கு வந்தால் முதலில் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பார். “சும்மா ஒரு நிமிசம் அண்ணாச்சி” என்பார். என் வீட்டுக்காரரும் விட்டுவிடுவார்.

ஒரு நாள் அந்தப் படகு திரும்பவில்லை. அக்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று போன் வந்தது. சந்தியாகுவோடு சேர்த்து ஐந்து பேர். எல்லை தாண்டினார்கள் என்றார்கள் அவர்கள். நீரோட்டம் இழுத்துவிட்டது என்றார்கள் இவர்கள்.

கேள்விப்பட்டதும் ஓடினேன். வாசலில் தெருவே நின்றது. உள்ளே ஜெசிந்தா தையல் மிஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசி மேலும் கீழும் போய்வந்தது. அடியில் துணியே இல்லை. நான் அவள் முழங்காலில் கையை வைத்தேன். அப்போதுதான் சக்கரம் நின்றது.

மூன்று பேர் வந்தார்கள்

பிடிபட்டவர்களின் வீட்டார் மனுக் கொடுத்தார்கள். அலுவலகம் அலுவலகமாகப் போனார்கள். ஒரு மாதம் ஓடியது. ஐந்து பேரும் அக்கரையில் வடக்கே ஒரு சிறையில் இருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு தகவல் இல்லை.

ஒரு மத்தியானம் படகுக்காரர்கள் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். மைக்கேல்தான் பேசினார். சந்தியாகுவின் சொந்தக்காரர், மரியாதை தெரிந்தவர்.

“அண்ணாச்சி, ஒங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்தக் கொழும்புச் சாமான மட்டும் எடுத்திருங்க. அதத்தாம் கேக்கோம்.”

“மைக்கேலு, பிஸ்கட்டு என்னடே செஞ்சுது? பிடிச்சிட்டுப் போனது நேவிக்காரன்லா?”

“பிஸ்கட்டு ஒண்ணுஞ் செய்யல. நாங்க மனு குடுத்தா யாரு காதுலயும் விழ மாட்டேங்கு. சரக்கு நின்னா அங்கன உள்ள யாவாரி பேசுவான். யாவாரி பேசுனா அவுங்க கவருமெண்டு கேக்கும்.”

“என் ஒரு கட சரக்கு நின்னா கொழும்பு ஆடிப்போயிருமாக்கும்?”

“எங்கனயாவது ஆரம்பிக்கணும்லா அண்ணாச்சி? ஒங்கள்டதான உரிமையாக் கேக்க முடியும்?”

என் வீட்டுக்காரர் கல்லா மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், “யாவாரம் வேற, இது வேற. நா எடுக்க மாட்டேன்” என்றார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். “ஏங்க, கொஞ்ச நாளைக்கு எடுத்துத்தாம் வையுங்களேன். சந்தியாகு நம்ம ஆளுதான?”

“கனி, எங்கப்பாவ மூணு நாளு ஒளிச்சு வச்சவரு மகன் அனுப்புத சரக்கு. ஊரு சொல்லுச்சுன்னு தூக்கி எறியச் சொல்லுதியா?”

எனக்கு அவர் சொன்னதும் சரியாக இருந்தது. மைக்கேல் சொன்னதும் சரியாக இருந்தது. இரண்டு சரிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மனிதருக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். அன்று பூராவும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மறு திங்கட்கிழமை நாற்காலிகள் வந்தன.

வீட்டை ஒதுக்கவில்லை

அந்த நாட்களை இப்போது நினைத்தால், தண்ணீருக்கடியில் நடந்தது மாதிரி இருக்கிறது. சத்தமெல்லாம் தூரத்திலிருந்து வந்தது. பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், எங்கள் கண்ணாடியில் அவர்கள் நிழல் விழும், நகர்ந்துவிடும். தெரிந்தவர்கள் நடையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் வாட்ஸ்அப்பில், ‘அக்கா தப்பா நினைக்காதீங்க’ என்று அனுப்பினார்கள். ரொட்டி காய்ந்தது. வாழைப்பழத் தாரிலிருந்து பழம் தானாக உதிர்ந்தது. அது விழுந்த சத்தத்தில் நாங்கள் இருவரும் திடுக்கிட்டோம்.

மூன்றாம் நாள் பவுலம்மா சாலையைத் தாண்டி வந்தார். அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்தவர். அவருடைய மகனும் பிடிபட்ட ஐவரில் ஒருவன். கடைக்குள் வராமல் வாசலுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏளா கனி, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கிடக் கூடாது.”

“சொல்லுங்க பெரியம்மா.”

“கடையத்தாம் ஒதுக்கியிருக்கோம். வீட்ட ஒதுக்கல, பாத்துக்க.” குரலைத் தாழ்த்தினார். “ஒன் வீட்டுப் பாத்ரூமுக்குப் போலாமா? அக்கம்பக்கத்துல வேற ஒண்ணுமில்ல. காலையிலேருந்து தாங்க முடியல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. படிக்கட்டைக் காட்டினேன்.

அதன் பிறகு தினமும் இரண்டு இரண்டு பேராகப் படியேறி வருவார்கள். மேலே ஒரு குடத்தில் தண்ணீர் எடுத்து வைத்தேன். அதிலும் ஒருத்திக்குச் சந்தேகம்.

“யக்கா, இது கடத் தண்ணியா, வீட்டுத் தண்ணியா?”

“கார்ப்பரேசன் தண்ணிளா.”

அதைக் கேட்டு நிம்மதியாகக் குடித்தாள். என் குசினி வாசலில் நின்று, கொதிக்கிற குழம்பின் வாசனையை வைத்து அது என்ன மீன் என்று சரியாகச் சொன்னாள். பிறகு இறங்கிப் போய், என் கடையில் வாங்காதீர் என்ற துணிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

ஜெசிந்தா மட்டும் வரவில்லை. காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வீட்டுக்குப் போகும்வரை அந்த நாற்காலியைவிட்டு எழமாட்டாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

என்னுடைய ரவிக்கைத் துணி ஒன்று அவளிடம் இருந்தது. படகு பிடிபடுவதற்கு முந்திய வாரம் கொடுத்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு நாள் பவுலம்மா படியேறி வந்து ஒரு பேப்பர் பொட்டலத்தைக் கையில் வைத்தார். பிரித்தேன். கொக்கி வரை தைத்து முடித்திருந்தது. கழுத்தில் அந்தச் சின்ன மடிப்பு இருந்தது. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. நான் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கினேன்.

மற்ற நாலு வீடு

“ஏளா, அவளுக்கு வேற ஒரு கவல” என்றார் பவுலம்மா ஒரு நாள், படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே. “சந்தியாகுக்கு கால்ல புண்ணாம். வெளிய வந்த வேற ஊரு ஆளு ஒருத்தன் சொல்லியிருக்கான். சர்க்கர மாத்திர ஒழுங்காக் கிடைக்கல போல. இவ யாருட்டயும் சொல்ல மாட்டேங்கா.”

நான் நேரே கீழே போனேன். “கொழும்புக்குப் போனு போடுங்க” என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்தார், திரும்பவும் கல்லாவில் வைத்தார். “இப்பப் போயி ஒதவி செஞ்சா, நம்ம சமாதானத்த வெலைக்கு வாங்கப் பாக்கான்னு சொல்லுவாவ.”

“யாரு சொல்லுவா? நாம சொன்னாத்தான தெரியும்?”

போட்டார். குணபாலவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“மொதலாளி, ஆள் பேர் சொல்லுங்க. மருந்து பேர் சொல்லுங்க. நான் எழுதுறது.”

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். கொழும்பிலிருந்து வடக்கே எட்டு மணி நேரம் பஸ்ஸில் போயிருக்கிறார். முதல் நாள் உள்ளே விடவில்லை. அங்கேயே தங்கி மறுநாள் பார்த்திருக்கிறார். மாத்திரை, துண்டு, செருப்பு எல்லாம் கொடுத்தாயிற்று. “டாக்டர் கால் பாத்தது. பயம் இல்ல மொதலாளி.”

யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் எங்களுக்குள் பேச்சு. ஆனால் புண் ஆறுகிறது என்பது தெரிந்தும், எதிரே ஒருத்தி அது தெரியாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் சாலையைத் தாண்டினேன். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. எட்டு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். ஆனாலும் நடுச்சாலையில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் போனேன். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஜெசிந்தா, இங்கன வா” என்றேன். மரத்துக்குப் பின்னால் வந்தாள். சொன்னேன்.

மரத்தைப் பிடித்துக்கொண்டாள். “புண்ணு ஆறுதாமா?”

“ஆறுதாம்ளா. டாக்டரு பாத்துட்டாராம்.”

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்தாள்.

“யக்கா, ஒங்க ரெண்டு கையையும் பிடிச்சிக்கிடணும் போல இருக்கு. ஆனா நாளைக்கும் நா இங்கனதாம் இருப்பேன். மாத்திர குடுத்தியன்னு நாற்காலிய மடக்கிட்டுப் போயிருவேன்னு நெனச்சியளா?”

“இல்லளா.”

நினைத்திருந்தேன். சாலையைத் தாண்டும்போதே அந்த நினைப்பு எனக்குள் இருந்தது. இன்றுதான் அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

“போனது அவரு மட்டுமில்ல யக்கா. அஞ்சு பேரு. மத்த நாலு வீட்டுக்கு யாரு போனு போடுவா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

நான் திரும்பி வந்து அதை அப்படியே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். குணபாலவைத் திரும்பவும் கூப்பிட்டார். இரண்டு வாரம் கழித்து அவர் இரண்டாவது தடவை போனபோது ஐந்து பேருக்கும் துண்டு, ஐந்து பேருக்கும் செருப்பு கொண்டுபோனார்.

காலித் தட்டு

அதற்கும் பிறகு ஒரு நாள், என் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு இருவரும் ஏரல் போக வேண்டியிருந்தது. எனக்குத் தலைவலி என்று சொல்லி அவரை மட்டும் அனுப்பினேன். தலைவலி இல்லை.

அட்டைப் பெட்டிகளை எடுத்து வந்து கொழும்புத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். இஞ்சி வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து, பார்க்காத ஓர் ஊரின் நடுவில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. பாணிப் புட்டிகள் ஒன்றோடொன்று மோதி மெல்லச் சத்தமிட்டன. யார் சொல்லுக்கும் பயந்து இதைச் செய்யவில்லை. அந்த நாலு வீடு மனதைவிட்டுப் போகவில்லை. போனில் கூப்பிட ஆள் இல்லாதவர்களுக்கு, நாற்காலி போட்டு உட்காருவதைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது?

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றிருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. ஜெசிந்தா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள், இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு.

சாயங்கால பஸ்ஸில் வந்தவர் தட்டைப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்தார்.

“குணபாலகிட்ட நா என்ன சொல்லுவேன்?”

“உள்ளதச் சொல்லுங்க.”

“நீ சொல்லுதது லேசு.”

அப்போதே கூப்பிட்டுச் சொன்னார். கொழும்புத் தெருவில் ஏதோ வண்டி போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “ஆ, சரி மொதலாளி” என்றார் குணபால. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இவர் கூப்பிடவில்லை, கூச்சம். என்னை ஒரு வார்த்தை ஏசியது கிடையாது. ஆனால் ஞாயிறு காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் அங்கும் இங்கும் நடப்பார். அந்தக் காலடிச் சத்தம் கீழே என் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கும். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

நாற்காலிகள் மறுநாளே போய்விட்டன. மண்ணில் கால்கள் அழுந்திய குழிகள் மட்டும் இருந்தன. ஒரு மழையில் அவற்றில் தண்ணீர் நின்றது. பிறகு அவையும் தூர்ந்துபோயின. வாடிக்கைக்காரர்கள் திரும்பினார்கள், பாதிப் பேர். மீதிப் பேருக்கு அதற்குள் வேறு கடை பழகிவிட்டது.

மூன்று தடவை

மாதங்கள் கழித்து ஐந்து பேரையும் விட்டார்கள். படகை விடவில்லை.

வேனில் வந்து இறங்கிய அன்று மாதா கோயில் தெருவில் நிற்க இடமில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பின்னால் நின்றேன். சந்தியாகு பாதியாகியிருந்தார். தாடி முழுக்க நரை. ஆனால் காலை ஊன்றித்தான் நடந்தார். ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார்.

“அங்கன ஒரு சிங்களவரு எங்களப் பாக்க வந்தாரு. நல்ல தொப்ப. மொத தடவ எனக்கு மட்டும் மாத்திர கொண்டாந்தாரு. அப்பொறம் அஞ்சு பேருக்கும் துண்டு, செருப்பு. கடைசியா வந்தப்ப பயங்கர மழ. நனஞ்சிக்கிட்டே வந்து, சோத்துப் பொட்டலம் அஞ்சு குடுத்தாரு. யாரு அனுப்புனதுன்னு கேட்டா சிரிப்பாரு. கோயில்காரங்களா இருக்கும்னு நெனச்சோம்.”

“எத்தன தடவ வந்தாரு?” என்று யாரோ கேட்டார்கள்.

“மூணு தடவ. கடைசியா வந்தது போன மாசம்.”

நாங்கள் கேட்டு அவர் போனது இரண்டு தடவைதான். போன மாதம் என்றால், தட்டைக் காலி செய்து, ஞாயிற்றுக்கிழமைப் பேச்செல்லாம் நின்றுபோய் எவ்வளவோ நாளுக்குப் பிறகு.

“யாரா இருக்கும் அது?” என்றார் மைக்கேல். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெசிந்தா சந்தியாகுவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள். “அது கடக்கார அண்ணாச்சிக்கு வேண்டிய ஆளு. யாரு சரக்கு வேண்டாம்னு நாம பன்னெண்டு பேரும் உக்காந்தோமோ, அந்த ஆளு.”

ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். “அப்ப நாம உக்காந்தது தப்பா?”

“தப்புன்னு நா சொல்லல. நடந்ததச் சொல்லுதேன்.”

சிலருக்கு அவள் அதைச் சொன்னது பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. பவுலம்மா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

வீட்டுக்கு வந்து, “மூணு தடவ போயிருக்காராம்” என்றேன். என் வீட்டுக்காரர் உடனே போனை எடுத்தார். “குணபால, நாந்தாம் பேசுதேன்” என்றார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை

கொழும்புச் சரக்கு இப்போது நாங்கள் வைப்பதில்லை. குணபாலவும் அனுப்பட்டுமா என்று கேட்பதில்லை. ஞாயிறு காலைப் பேச்சு மட்டும் நடக்கிறது.

ஜெசிந்தா இன்று வரை கடைக்குள் கால் வைக்கவில்லை. அந்த முதல் திங்கட்கிழமை, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் மாதா கோயிலுக்குப் போய், படகு திரும்பும்வரை அந்தக் கடையில் வாங்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாளாம். ஆட்கள் வந்துவிட்டார்கள். படகு அக்கரையில் ஏதோ ஒரு துறையில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது என்கிறார்கள்.

“மாதாட்ட சொன்னத நா எப்படி மாத்தி சொல்லுவேன் யக்கா? நீங்களே சொல்லுங்க.”



சனிக்கிழமை சாயங்காலம் அவள் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் கடைக்குப் போய், வாராந்திரச் சாமானைப் பெரிய பையில் தூக்கிக்கொண்டு நடந்து வருவாள். கண்ணாடி வழியாக அவள் வருவது தெரியும். கடல் காற்று சேலையை ஒரு பக்கமாகத் தள்ளும். பை இன்னொரு பக்கமாக இழுக்கும். நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே போவேன். கல்லாவிலிருந்து என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்.

பையின் ஒரு பிடியை அவள் பிடிப்பாள். ஒரு பிடியை நான் பிடிப்பேன். இன்னொரு கடைச் சாமானைச் சுமந்துகொண்டு எங்கள் கடை வாசலைத் தாண்டி இரண்டு பேரும் நடப்போம்.

“ஒங்க கடையில தொவரம்பருப்பு என்ன வெல யக்கா?” என்பாள்.

சொல்வேன்.

“அங்கன வெல கூடத்தாம்” என்று பெருமூச்சு விட்டுவிட்டு, பையை என் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி, கூட நடப்பாள்.